கையைத் தூக்கினால்தான் கோட்டின் தரம் தெரியும்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கறுப்புக் கோட்டுகளில் எனக்குப் பெரிய குறை ஒன்றுதான்: கமக்கட்டு.

நான் வயலின் வாசிப்பவன். மார்கழியில் கோவில் பாடகர் குழுவோடு நத்தார்க் கரோல், மற்ற மாதங்களில் கலியாண மண்டபங்களில் இரவு வரவேற்பு. இடது கை வயலினைத் தாங்கி உயர்ந்தபடியே நிற்கும், வலது கை வில்லோடு ஓயாமல் போய்வரும். வாடகைக் கோட்டு பல உடம்புகளுக்கு ஏற வேண்டியது என்பதால் அதன் கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வாயை, இறக்கி, அகலமாக வெட்டியிருப்பார்கள். போட்டுக்கொண்டு சும்மா நின்றால் வசதிதான். கையைத் தூக்கினால் முழுக் கோட்டும் கையோடு எழும்பிவிடும். தோள் காதுப் பக்கம் ஏறும், கொலர் பிடரியை விட்டு விலகும், தோளுக்குள் இருக்கும் பஞ்சு சரியாக வயலின் உட்காரும் இடத்தில் வந்து நிற்கும். லோங்ஸின் நீளத்தை ஊசி குத்திச் சரிக்கட்டலாம். கைக்குழியை ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் சொந்தமாக ஒரு டக்சீடோ, அதாவது இரவு விருந்துக்குப் போடும் கோட்டும் லோங்ஸும், தைப்பித்தேன். ஆஸ்பத்திரி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கும் சின்னத் தையல்கடை அது. ரெயிலர் ஐயா வயதானவர், அதிகம் பேசமாட்டார். அளவு எடுத்து முடிந்ததும், "தம்பி, அடுத்த முறை வரேக்க வயலினையும் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். நூலோட்டி வைத்திருந்த கோட்டைப் போடச்சொல்லி, "ஒரு பாட்டு முழுக்க வாசியும்" என்று எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் வாசிக்க வாசிக்க முதுகிலும் கைக்குழியிலும் சோக்கால் கோடு போட்டார். பிறகு கோட்டின் இடது கையைப் பிரித்தெடுத்து, குழியைக் கமக்கட்டோடு ஒட்ட மேலே ஏற்றி வெட்டினார். கைக்குழி ஒடுங்கினால் இறுக்கும் என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் அது உடம்போடு ஒட்டி இருந்தால்தான் கை தனியாக அசையும், கோட்டின் உடல் அசையாமல் நிற்கும். இப்போது வில்லை நுனிவரை இழுத்தாலும் கொலர் கழுத்தை விட்டு நகருவதில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

துணியையும் கவனித்து எடுக்கவேண்டும். கம்பளி என்றால் இந்த வெயிலுக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். ஆனால் கம்பளியிலும் மெல்லியது உண்டு. மீற்றருக்கு 250 கிராம் அளவில், சாதாரண நெசவில் வரும் துணிக்குள் காற்றுப் போய்வரும். வேர்வையைக் கம்பளி உள்வாங்கிக்கொள்ளும். தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை எடுத்தாலும் நனைந்த உணர்வு வராது. பொலியெஸ்டர் அப்படி உள்வாங்காது, வேர்வை தோலிலேயே நிற்கும். கொழும்பில் புறக்கோட்டையிலிருந்து மூன்றரை மீற்றர் எடுத்துவந்தேன். முதுகுக்கு லைனிங் பாதிதான் போடச்சொன்னேன், மண்டபத்து மின்விசிறிக் காற்று முதுகுக்கு வந்து சேருகிறது.

நான் முன்பு வாடகைக்கு எடுத்த ஒரு கோட்டில் மார்பு மடிப்பு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. உள்ளே பசையால் ஒட்டிய விரிப்பு, சூட்டாலும் அடிக்கடி கழுவுவதாலும் துணியை விட்டுக் கழன்றால் இப்படித்தான் ஆகும், பிறகு எத்தனை தரம் அயன் பண்ணினாலும் படியாது. ஐயா குதிரைமயிர் கலந்த கான்வஸை வைத்துக் கையால் தைத்திருக்கிறார். மடிப்பு நெஞ்சில் மெதுவாக உருண்டு விழுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு.

டக்சீடோவுக்கு உரிய மற்ற விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன: மார்பு மடிப்பில் சற்றின் என்ற பளபளப்புத் துணி, ஒற்றைத் தெறி, லோங்ஸின் வெளித்தையலில் மேலிருந்து கீழ்வரை ஒரு சற்றின் பட்டி, பெல்ட் போட வளையம் இல்லாமல் இடுப்பின் இரு பக்கமும் இழுத்து மாட்டும் பட்டி. இரண்டு குறை சொல்லவேண்டும். பக்கப் பொக்கற்றுக்கு மூடி வைத்துவிட்டார், டக்சீடோவுக்கு அது வருவதில்லை. நான் மூடியை உள்ளே மடித்துவிடுகிறேன். மடிப்பின் சற்றினும் லோங்ஸின் பட்டியும் ஒரே துணியில் வெட்டியவை அல்ல. மண்டப வெளிச்சத்தில் தெரியாது, பகலில் தெரியும். பகலில் நான் இதைப் போடுவதும் இல்லை. 1880களில் அமெரிக்காவில் பரவிய காலத்திலேயே இது இரவு விருந்துக்கான உடுப்பு. காலைத் திருப்பலிக்குச் சாதாரணக் கருநீலக் கோட்டே போதும்.

செலவு என்று பார்த்தால், துணியும் தையல்கூலியும் சேர்த்து ஏழெட்டுத் தரம் வாடகைக்கு எடுக்கும் காசு வந்தது. என்னைப் போல மாதத்துக்கு ஒன்றிரண்டு வரவேற்பில் நிற்பவர் யோசிக்கவே வேண்டாம், தையுங்கள். அடையாள அட்டையைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் மத்தியானத்துக்குள் கோட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடும் ஓட்டமும் இல்லை. முதுகுத் தையலிலும் லோங்ஸின் பின்தையலிலும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி மடித்து விட்டிருக்கிறார், உடம்பு வைத்தால் விரித்துக்கொள்ளலாம். ஆனால் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு கிழமை லீவில் வந்து ஒரு வரவேற்போடு திரும்புகிறவருக்கும், இன்னும் வளரும் வயதுப் பெடியனுக்கும் வாடகைதான் சரி.

வைத்திருப்பதிலும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பொலித்தீன் உறையில் மூடாமல் பழைய பருத்தி வேட்டியால் போர்த்தி, தோள் அகலமான கொழுவியில் தொங்கவிடுங்கள். போட்ட இரவே அலுமாரிக்குள் வைக்காமல் ஒரு நாள் காற்றாட விடுங்கள். சற்றினில் நேரே அயன் பெட்டியை வைக்கவே கூடாது, மேலே ஒரு துணி விரிக்கவேண்டும்.

ஐயா தனி ஆளாகவே தைப்பதால் சுணங்கும், நாள் குறித்துக் கொடுத்தாலும் தள்ளிப்போகும். ஆவணிக் கலியாணம் என்றால் வைகாசியிலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். நத்தாருக்கு வேண்டுமென்றால் புரட்டாதி தாண்டவேண்டாம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சீருடைகளும் வந்து சேர்ந்துவிடும்.