ஆன்லைன் படிவத்தில் கையெழுத்தைக் காணோமா? எந்த வழி எப்படிச் சொதப்பும் என்று ஓர் அலசல்

ஆன்லைன் படிவத்தில் கையெழுத்து வாங்க நடைமுறையில் நாலு வழிதான். பிரவுசரிலேயே விரலால் போடவைக்கும் கட்டம். ஓடிகே கலெக்ட், கோபோகலெக்ட் மாதிரி களத்தில் தகவல் திரட்டும் ஆப்பில் வரும் கையெழுத்துக் கேள்வி. தாளில் போட்டதைப் போட்டோ பிடித்து ஏற்றச் சொல்வது. பெயரைத் தட்டச்சு செய்து ‘சம்மதம்’ என்று டிக் அடிக்கவைப்பது. எது பார்க்க அழகு, எது சுலபம் என்றுதான் பொதுவாக ஒப்பிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. கையெழுத்து தொலைந்தால் அன்றைக்கே தெரியுமா, தெரிந்தால் மீட்க முடியுமா? இந்த இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது.

அதற்கு முன்னால் ஒன்று. ‘காணோம்’ என்று அலறும்போது கையெழுத்து பல நேரம் பத்திரமாகத்தான் இருக்கும். தரவைச் சிஎஸ்வியாகவோ (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணைக் கோப்பு) எக்செலாகவோ இறக்கினால் கையெழுத்து நெடுவரிசையில் படம் வராது, கோப்பின் பெயர் மட்டும்தான் வரும்: நீளமாக ஓர் எண், பின்னால் ஜேபிஜி. படங்களைத் தனியாக ஜிப் கோப்பாக இறக்கவேண்டும். கோபோவில் படத்தின் இணைய முகவரியையும் சேர்த்து இறக்கலாம், ஆனால் திறப்பவருக்கு அந்தத் திட்டத்தில் அனுமதி இல்லையென்றால் எதுவும் தெரியாது. அதனால் இறக்கிய கோப்பை வைத்து முடிவு கட்டாமல், சர்வரில் ஒரே ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் பிரச்சினை நீங்கள் இறக்கிய விதத்தில்தான்.

சரி, அங்கேயும் இல்லை என்றால்?

பிரவுசர் கட்டத்தில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் இதைத்தான் வைக்கிறார்கள், அதிகம் தொலைவதும் இதில்தான். இந்தக் கட்டம் ‘கேன்வாஸ்’ என்ற வரைபலகை. அதற்கு ஒரு குணம் உண்டு, அகலத்தையோ உயரத்தையோ மறுபடி நிர்ணயித்தால் உள்ளே வரைந்தது மொத்தமும் அழிந்துவிடும். ஃபோனை நிமிர்த்திப் பிடித்துப் படிவத்தை நிரப்பியவர், கையெழுத்துக்கு இடம் போதவில்லை என்று படுக்கவைப்பார், போடுவார், மறுபடி நிமிர்த்துவார். திரை அளவு மாறியதும் படிவத்தின் நிரல் கட்டத்தையும் அளவு மாற்றும். கையெழுத்து போச்சு. அவர் அதற்குள் கீழே உருட்டி ‘அனுப்பு’ பொத்தானுக்குப் போயிருப்பார், மேலே என்ன ஆனது என்று பார்க்கவே மாட்டார். சில ஃபோன்களில் திருப்பக்கூட வேண்டாம், உருட்டும்போது முகவரிப் பட்டை மறைந்தாலே திரை உயரம் மாறியதாகக் கணக்காகிவிடும்.

‘அது கட்டாயக் கேள்விதானே, காலியாக எப்படிப் போகும்?’ என்று கேட்பீர்கள். இங்கேதான் வேடிக்கை. காலிக் கட்டமும் ஒரு படம்தான். அதைப் பிஎன்ஜி என்ற பட வடிவமாக மாற்றினால் நீளமான எழுத்துச் சரம் வரும், கட்டாயக் கேள்விச் சோதனை ‘ஏதோ இருக்கிறது’ என்று விட்டுவிடும். சிக்னேச்சர் பேட் மாதிரி ஆயத்த நிரல் தொகுப்புகளில் ஒரு கோடாவது இழுத்திருக்கிறதா என்று கேட்கும் வசதி தனியாக இருக்கிறது. படிவம் செய்தவர் அதைக் கூப்பிடாமல் விட்டிருப்பார். அப்படியே கூப்பிட்டிருந்தாலும் தெரியாமல் பட்ட ஒரு புள்ளியைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளும், அது வேறு கதை.

கட்டம் எங்கே தவறியது என்பதை வந்து சேர்ந்த தரவே சொல்லிவிடும். வந்திருப்பது ‘டேட்டா’ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, ஒரு காற்புள்ளி, மொத்தம் ஆறே எழுத்து என்றால் கட்டத்தின் அகலமோ உயரமோ பூஜ்யமாக இருந்திருக்கிறது. பல பக்கப் படிவத்தில் கையெழுத்துப் பக்கம் மறைந்திருக்கும்போதே கட்டத்தை அளந்து வைத்தால் இப்படி ஆகும். படம் முழுக்கக் கறுப்பாக இருந்தால், பின்னணி நிறம் கொடுக்காமல் ஜேபெக்காக (ஜேபிஜியும் இதுவும் ஒன்றுதான்) சேமித்திருக்கிறார்கள். ஒளி ஊடுருவும் பின்னணியை ஜேபெக் கறுப்பாக்கிவிடும், கறுப்பு மை கறுப்பில் தெரியாது. வெறும் வெள்ளையாகவோ புள்ளி புள்ளியாக இரைச்சலாகவோ இருந்தால் நிரப்பியவரின் பிரவுசரையும் சந்தேகப்படலாம்: அடையாளத்தை மறைக்கும் டார் பிரவுசரும், தடம் பிடிப்பதைத் தடுக்கும் அமைப்பைப் போட்ட ஃபயர்ஃபாக்ஸும் கேன்வாஸில் இருப்பதைத் தளம் படிக்கவிடாமல் பொய்ப் படத்தைக் கொடுக்கும். எதுவுமே வரவில்லை என்றால், ‘கையெழுத்தைச் சேமி’ என்று ஒரு தனிப் பொத்தான் இருந்து அதை யாரும் அழுத்தவில்லையா என்று பாருங்கள். இப்படி இரண்டு பொத்தான் வைத்த படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஒருமுறை என் கைக்கு வந்தது அரைக் கையெழுத்து. எழுத்துகளின் மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழ்ப் பாதி சீவினாற்போல் இல்லை. ஃபோன் கோளாறு, விரல் வழுக்கியிருக்கும் என்று என்னென்னவோ யோசித்தேன். விஷயம் என்னவென்றால், படத்தை எழுத்துச் சரமாகவே அட்டவணையில் வைத்து, அதை யாரோ எக்செலில் திறந்து சேமித்து அனுப்பியிருக்கிறார். எக்செலில் ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துக்கு மேல் நிற்காது. பிஎன்ஜி மேலிருந்து கீழாக வரி வரியாக விரிவதால் மேல் பாதி பிழைத்தது. கூகுள் ஷீட்ஸில் இந்த வரம்பு 50,000. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘டெக்ஸ்ட்’ வகை நெடுவரிசையில் 65,535 பைட். அதன் 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே கறாராகப் பிழை காட்டும், பழைய அமைப்புகள் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மூலத் தரவுத்தளத்தில் முழுசாக இருந்ததால் நான் தப்பித்தேன்.

பிரவுசர் கட்டம்தான் வேண்டும் என்றால் கோடுகளின் புள்ளிகளையும் சேமிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் திரை மாறினாலும் மறுபடி வரைய முடியும். அப்புறம், அனுப்புவதற்கு முன் ‘இதுதான் உங்கள் கையெழுத்து’ என்று சேமித்த படத்தையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாத கட்டத்தை நான் நம்புவதில்லை.

ஆப்பின் கதை வேறு. அங்கே கையெழுத்து போட்ட கணமே ஃபோனுக்குள் ஒரு கோப்பாகிவிடுகிறது, திருப்பினால் அழிந்துபோகும் கூத்து இல்லை. தொலைவது அனுப்பும்போதுதான். பதில்கள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாகவும் (குறிகளோடு கூடிய எழுத்துக் கோப்பு) படங்கள் தனித்தனி இணைப்புகளாகவும் போகின்றன, பெரிதாக இருந்தால் பல தவணையாகப் பிரிந்து போகும். நடுவில் சிக்னல் அறுந்தால் சர்வரில் பதில் இருக்கும், கையெழுத்து இருக்காது. ஆனால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எத்தனை இணைப்பு வரவேண்டும், எத்தனை வந்தது என்று ஓடிகேயின் சர்வரான ஓடிகே சென்ட்ரல் இரண்டையும் கணக்கு வைத்திருக்கிறது, அவை பொருந்தாத பதிவுகளை வடிகட்டினால் போதும். களத்தில் இருப்பவரிடம் ‘அனுப்பத் தயார்’ பட்டியலில் நிற்பதை நல்ல சிக்னலில் மறுபடி அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டு எச்சரிக்கை மட்டும்: அனுப்பியதும் அழிக்கும் அமைப்பை அணைத்து வையுங்கள், ‘ஆப் மக்கர் பண்ணுது, எடுத்துட்டுத் திரும்பப் போடுறேன்’ என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். ஆப்பை நீக்கினால் அனுப்பாத கையெழுத்துகளும் கூடவே போய்விடும்.

ஒரு பொறி உண்டு. ஆப்புக்காகச் செய்த அதே படிவத்தை இணைப்பு முகவரியாகவும் பகிரலாம், அப்போது அது எங்கெட்டோ என்ற இணையப் படிவ மென்பொருள் வழியாகப் பிரவுசரில் திறக்கும். இணையம் இல்லாதபோது நிரப்பியது பிரவுசரின் சேமிப்பில் காத்திருக்கும். 2020 முதல் சஃபாரி, ஒரு தளத்தை ஏழு நாள் தொடாமல் விட்டால் அந்தச் சேமிப்பைத் துடைத்துவிடுகிறது. தனிப்பட்ட உலாவலில் நிரப்பியிருந்தால் சாளரத்தை மூடியதோடு சரி. ‘ஆப் வழியாகத்தான் வாங்கினோம்’ என்று சொல்பவர்களிடம் ஃபோனை வாங்கிப் பாருங்கள், பாதி நேரம் பிரவுசர்தான் திறந்திருக்கும்.

போட்டோ வழி அசிங்கமாக இருக்கும், மேசை நிழல் விழும், கட்டைவிரல் தெரியும். ஆனாலும் எனக்கு இதில் ஒரு நிம்மதி, தாள் கையில் இருக்கிறது, தொலைந்தால் மறுபடி எடுக்கலாம். இங்கே தடுக்கி விழுவது அளவு வரம்புகளில். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, தளங்கள் எழுதப் பயன்படும் பிஹெச்பி மொழியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. இந்த 8-ஐத் தாண்டினால் படம் மட்டுமல்ல, படிவத்தின் எல்லாப் பதிலும் காலியாக வரும். ஐபோன் எடுக்கும் ஹெய்க் வகைப் படத்தைச் சில படிவங்கள் ஏற்காது. கூகுள் ஃபார்ம்ஸில் கையெழுத்துக் கட்டமே கிடையாது, கோப்பு ஏற்றவேண்டுமென்றால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும், அதற்குப் பயந்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

கடைசி வழி, தட்டச்சு செய்த பெயர். தொலையாதது என்றால் இதுதான். சில பைட், மற்றப் பதில்களோடு ஒரே வரியில், தனி இணைப்புக் கோப்பு கிடையாது, எந்த வடிவில் இறக்கினாலும் கூடவே வரும். சட்டம் இதை ஒதுக்கிவிடவும் இல்லை. அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு ஈ-சைன் சட்டம் கையெழுத்திடும் எண்ணத்தோடு செய்த ஒலி, குறியீடு, செயல்முறை எதையும் மின்னணுக் கையெழுத்தாகக் கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈஐடாஸ் விதி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கையெழுத்தைத் தள்ளக்கூடாது என்கிறது. தட்டியது அவரேதானா என்ற கேள்வி மட்டும் நிற்கும். அதைப் பார்த்தால் விரலால் கிறுக்கிய கோடும் அதற்குப் பெரிதாகப் பதில் சொல்லிவிடவில்லை.

என் தேர்வு: வெறும் சம்மதம் போதும் என்றால் தட்டச்சு, கூடவே நேரமும் படிவத்தின் பதிப்பும். கோடு போட்ட கையெழுத்துதான் வேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால் ஆப். பிரவுசர் கட்டம் கடைசி, அதையும் பெயர்ப் பெட்டியோடு சேர்த்துத்தான் வைப்பேன், கட்டம் காலியானாலும் பெயராவது மிஞ்சும். ஏற்கெனவே தொலைந்துபோன பதிவுகளுக்கு அந்தப் பதிவின் எண்ணோடு ஒரு சின்னப் படிவம் அனுப்பி மறுபடி வாங்குங்கள், வாங்கிய அன்றைய தேதியையே போடுங்கள். அதே ஆள் வேறொரு பதிவில் போட்ட கையெழுத்தை வெட்டி இங்கே ஒட்டிவிடலாம் என்று குழுவில் யாராவது யோசனை சொல்வார்கள், கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.