ஜிபிஎஸ் ஸ்டீரியோ பொருத்தப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் ஆண்டெனாவைக் காட்டச் சொல்லுங்கள்

சென்ற மார்கழியில் கோவையிலுள்ள ஒரு கார் அக்சசரீஸ் கடையில், ஜிபிஎஸ் வழிகாட்டி உள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். பொருத்துகூலி தனியாக 1,500 ரூபாய். ஒரு மாதம் கழித்து அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான், நான் ஏமாந்தது பெட்டியில் பாதி, அதைப் பொருத்தியதில் பாதி என்பது தெரிந்தது. என் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே போன்ற கடைகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று என் மைத்துனர் அப்போதே கேட்டார். கண்ணாடியோரம் தாங்கியில் நிற்கும் கைப்பேசி, வெயிலில் சூடேறி நடுவழியில் திரை அணைந்துவிடுகிறது. மலைப்பாதைகளில் டவர் கிடைப்பதில்லை. இணையம் இல்லாமலே வழிகாட்டும் பெட்டி ஒன்று வண்டியிலேயே நிலையாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார்: "இதுக்கு நெட்டே வேண்டாங்க சார். இந்தியா மேப் முழுசும் உள்ளயே இருக்குதுங்க. ஆயுசுக்கும் அப்டேட் ஃப்ரீங்க."

கடைக்குள்ளேயே பெட்டியை இயக்கிக் காட்டினார். நாங்கள் நின்றிருந்த தெருவில், அந்தக் கடையின் வாசலிலேயே அம்புக்குறி வந்து நின்றது. எனக்குத் திருப்தி. அந்தக் காட்சி ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. பெட்டி அப்போது கடையின் வைஃபையில் இணைந்திருந்தது. ஆண்ட்ராய்டு கருவிகள், சுற்றிலும் உள்ள வைஃபை இணைப்புகளை வைத்தே தாங்கள் இருக்கும் இடத்தை ஓரளவு சரியாகக் கணித்துவிடும். அதற்கு வானத்திலிருந்து ஒரு சமிக்ஞையும் வேண்டியதில்லை. எனவே செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பிடிக்கும் ஜிபிஎஸ் ஆண்டெனாவே இல்லாத பெட்டியும் கடைக்குள் ஒழுங்காக வழிகாட்டுவது போலத் தோன்றும்.

அன்று மாலை திருப்பூருக்குத் திரும்பும்போதே சந்தேகம் தொடங்கியது. அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கி.மீ. மேம்பாலத்தின் மேல் நான் போய்க்கொண்டிருக்க, பெட்டியிலிருந்த பெண் குரல் லட்சுமி மில் சிக்னலில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதில் நல்ல கருவியும் தடுமாறும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தப் பெட்டியின் வரைபடத்தில் அந்த மேம்பாலமே இல்லை. பாலத்தை விட்டு இறங்கிய பிறகும் அம்புக்குறி சாலையை விட்டு விலகி, பக்கத்திலிருந்த காலி மனைகளில் நடந்துகொண்டிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "புதுசுல அப்படித்தாங்க சார், ரெண்டு நாள்ல செட் ஆயிருமுங்க" என்றார்கள்.

இந்தப் பதிலை யாரும் நம்ப வேண்டாம். முதன்முறை இயக்கும்போது ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களின் அட்டவணை முழுவதையும் இறக்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுப்பது உண்மைதான். அந்த முழு அட்டவணைக்கு ஆகும் நேரம் பன்னிரண்டரை நிமிடம். திறந்த வெளியில் கால் மணி நேரம் நின்ற பிறகும் அம்புக்குறி அலைந்தால், அந்தக் கோளாறு இரண்டு நாளிலும் தீராது, இரண்டு வருடத்திலும் தீராது.

இரண்டாம் நாள் இன்னொன்று கண்ணில் பட்டது. "வீடு" என்ற பொத்தானைத் தற்செயலாக அழுத்தினேன். நான் இன்னும் என் வீட்டைப் பதிவு செய்திருக்கவில்லை. ஆனால் பெட்டி ஓசூர் பக்கம் ஒரு குடியிருப்பின் குறுக்குத் தெருவுக்கு வழி போடத் தொடங்கியது. யாரோ வாங்கி, சரியில்லை என்று திருப்பிக் கொடுத்ததைத் துடைத்துப் புதிய அட்டைப்பெட்டியில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். அந்த மனிதரின் வீட்டு வாசல் வரை எனக்கு வழி தெரிந்துவிட்டது என்பதில் எனக்கே கூச்சமாக இருந்தது. அதை அழித்தேன். நம் பெட்டியும் ஒருநாள் திருட்டுப் போகலாம், விற்கவும் படலாம். ஆகவே "வீடு" என்ற இடத்தில் சொந்த வாசலைப் பதிவு செய்யாமல், தெருமுனைக் கோயிலையோ பெட்ரோல் பங்கையோ பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போக யாருக்கும் கருவி தேவைப்படாது. நானும் இப்போது பங்கைத்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் பெட்டியை நம்பி இரவுப் பயணம் கிளம்பியது என் தவறு. தை மாதம் மைசூரில் உறவினர் திருமணம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாகப் போவதாகத் திட்டம். அந்தச் சாலை புலிகள் காப்பகத்துக்குள் போவதால், நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை கார்களை விடுவதில்லை. லாரிகளுக்கு மாலை ஆறு மணிக்கே அடைப்பு. இதையெல்லாம் அறிந்துதான் ஆறரை மணிக்கே மனைவி, மகன், அப்பாவுடன் திருப்பூரை விட்டுப் புறப்பட்டேன். பண்ணாரிக்கு எட்டரைக்குள் போய்விடலாம். பெட்டியோ இரவுத் தடை என்ற ஒன்றையே அறியாமல், நள்ளிரவுக்கு முன்பே மைசூர் என்று நேரம் கணக்குப் போட்டுக் காட்டியது. வெளியூர்க்காரர் ஒருவர் அதை நம்பிப் பத்து மணிக்கு அடிவாரத்தில் போய் நிற்பார்.

புளியம்பட்டி தாண்டியதும் அம்புக்குறி நெடுஞ்சாலையிலிருந்து தாவிப் பக்கத்து ஊர்ப் பாதையில் போய் நின்றுகொண்டு, வலப்பக்கம் திரும்பு என்று விடாமல் சொல்லத் தொடங்கியது. குரலை நிறுத்துவதற்காக வண்டி ஓடும்போதே திரையை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். இதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். "கண்ணு, பெட்டியப் பார்க்காத, ரோட்டப் பாரு" என்று பின்னாலிருந்து அப்பா சொன்னார். கேட்கவில்லை, திரும்பினேன். தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் இடப்பக்கம் ஏதோ மினுங்குவது போலிருந்ததால் வண்டியை நிறுத்தினேன். அது கீழ்பவானி வாய்க்கால். கரையோரம் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், தடுப்பு எதுவும் கிடையாது, தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்கும் கரை விளிம்புக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, கட்டி முடிக்காத பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் கார் விழுந்து மூவர் இறந்ததும், அவர்கள் வழிகாட்டிச் செயலியை நம்பி வந்ததாகச் செய்தி வெளியானதும் அந்த நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தன.

திருப்ப இடமில்லை. மனைவி இறங்கி டார்ச் அடிக்க, ஏறக்குறைய 400 மீட்டர் தூரம் பின்னோக்கியே வந்தேன். தோட்டத்திலிருந்து எக்செல் வண்டியில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்று, முன்னால் போய் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். பண்ணாரிச் சோதனைச்சாவடியை அடைந்தபோது மணி 9.25. "ஆறு மணிக்கு வாங்க சார்" என்றார்கள். முதுமலை, பந்திப்பூர் வழியும் இரவில் அடைப்பு என்பதால் சுற்றிப் போவதும் வீண். சத்தியமங்கலம் திரும்பி அறை எடுத்துத் தங்கி, காலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மைசூர் போனபோது, தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும், பத்து வருடங்களாகப் பழக்கமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முகப்புச் சட்டத்தைக் கழற்றிப் பெட்டியை வெளியே இழுத்தார். ஜிபிஎஸ் ஆண்டெனா என்பது தீப்பெட்டியளவில் சதுரமான கறுப்பு வில்லை. அடியில் காந்தம், பின்னால் மூன்று மீட்டர் ஒயர். அந்த ஒயர் சுருட்டிக் கட்டிய கட்டு கூடப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வில்லையை ஸ்டீரியோவைத் தாங்கும் இரும்புத் தகட்டின் அடிப்பக்கத்தில் காந்தத்தால் ஒட்டவிட்டிருந்தார்கள். அதாவது முகம் தரையை நோக்கியும், தலைக்கு மேல் இரும்புமாக. "வானத்தப் பார்க்க வேண்டியத மண்ணப் பார்க்க வச்சிருக்காங்க சார்" என்றார் அவர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, அங்கிருந்து வந்து சேரும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது, இரும்புத் தகட்டை ஊடுருவாது. இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது பிடிபட வேண்டும். என் பெட்டி இரண்டு, மூன்று என்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அதே வில்லையை டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்குக் கீழே முகம் மேலே பார்க்க வைத்ததும் சில நிமிடங்களில் எண்ணிக்கை பதினொன்றுக்கு ஏறியது. ஒயரை உள்ளே இழுத்து விட ஆகும் இருபது நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு எங்களை வாய்க்கால் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன்ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு ஒயரைப் பார்த்து. இத்தகைய பெட்டிகளில் ஹேண்ட்பிரேக்கோடு இணைக்க வேண்டிய மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. பிரேக் போட்டு வண்டி நிற்கும்போது மட்டும் திரையில் வீடியோ ஓட அனுமதிப்பது அது. என் வண்டியில் அதை நேராக பாடியில் எர்த் செய்துவிட்டிருந்தார்கள்; எப்போதும் பிரேக் போட்டிருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளும். ஓடும் வண்டியிலும் மகனுக்குக் கார்ட்டூன் ஓடுகிறதே என்று ஒரு மாதம் மகிழ்ந்தவன் நான். அது ஓட்டுபவரின் கண்ணெதிரே ஓடியது என்பதை யோசிக்கவில்லை. போதாததற்கு, ஒயரை வெட்டாமலே செருகி இணைக்கும், வண்டிக்கு ஏற்ற கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, கம்பெனி ஒயர்களை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்; ஃபியூஸும் இல்லை. என்னுடையது பழைய கார். புதுக் காராக இருந்தால், மின்பகுதிக்கான வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும். வரைபடமோ உரிமம் இல்லாத திருட்டு நகல். அப்டேட் பொத்தானை அழுத்தினால் உரிம எண் கேட்டு நிற்கிறது. 4 ஜிபி ரேம் என்று திரையில் காட்டிய பெட்டியில் உண்மையில் இருந்தது 1 ஜிபி.

கடைக்குப் போய்க் கேட்டேன். ஆண்டெனாவை இடம் மாற்ற 1,200 ரூபாய் ஆகும் என்றார் உரிமையாளர். பழைய பெட்டியை விற்றது பற்றிக் கேட்டதும், "பில்லக் கொண்டாங்க பேசலாம்" என்றார். என்னிடம் இருந்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூட ஆகும் என்று அவர் சொன்னபோது, மிச்சம் பிடித்ததாக நினைத்து நான்தான் தலையாட்டியிருந்தேன். நல்லவேளையாக யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும், ஆயுள் அப்டேட் என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரப் படமும் கைப்பேசியில் இருந்தன. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டுமானால், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பெட்டியின் இணைய இணைப்பை அணைத்துவிட்டு, நீங்கள் நன்கறிந்த சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, அம்புக்குறி சாலையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அண்மையில் திறந்த பாலம் அல்லது பேருந்து நிலையம் ஒன்றை வரைபடத்தில் தேடுங்கள். சென்னைக்காரர்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்தையும், மதுரைக்காரர்கள் அதே ஆண்டில் திறந்த நத்தம் சாலை மேம்பாலத்தையும் தேடினால் வரைபடத்தின் வயது தெரிந்துவிடும். பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பிவைத்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. கண்ணாடியில் ஒட்டும் தனிப்பெட்டி என்றால், பார்வையை மறைக்காத கீழ் மூலையில், ஏர்பேக் விரியும் பாதையை விட்டு ஒட்டுங்கள். போகும் இடத்தை வண்டி கிளம்பும் முன்பே பதிந்துவிட்டு, மண்சாலைகளைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். கைப்பேசியில் வழி பார்ப்பவர்களுக்கும் ஒன்று: 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில்தான் அதற்கு இடம் தருகிறது. மற்றபடி கைப்பேசியைப் பயன்படுத்தினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

உதவி எண்ணில் புகார் பதிந்த பத்தாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டு, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால் 7,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. பெட்டியையும் வெட்டப்பட்ட ஒயர்த் துண்டுகளையும் அந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.