நேட்டால் கப்பல் பட்டியலில் பூர்வீகம் தேடுதல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க எது உதவும் என்று கேட்டால், யோசிக்காமல் நேட்டால் கப்பல் பட்டியல் என்பேன். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த இந்தியர்களின் பதிவேடு அது. மரபணுப் பரிசோதனை, வம்சாவளி வரையும் தளங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வந்தவாசிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள் நான். கணவர் வீட்டாருக்கு இந்தியாவில் எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. "மெட்ராஸ்" என்பார்கள். கப்பல் ஏறிய துறைமுகம் அது, ஊர் அல்ல. ஆனாலும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படியே இங்கே இருப்பதைப் பார்த்த பிறகுதான் தேட வேண்டும் என்ற வேகம் எனக்கு வந்தது.

முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகவும், மற்றவர்கள் கல்கத்தா வழியாகவும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதுவரை பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்க எழுதியது. இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிராமத்தின் பெயர்வரை சொல்லும் ஆவணம் அது. அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். டர்பன் வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகப் பார்க்கலாம்.

பயன்படுத்த எளிதா என்றால், இல்லை. பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் சீக்கிரமே சலித்துப்போவார்கள். முனுசாமிகள் மட்டும் அத்தனை பேர். அந்தப் பெயரே முனிசாமி, மூன்சாமி என்று குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். இப்போதைய குடும்பப் பெயரும் கைகொடுக்காது. கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று சிலர் பிற்பாடு சாதிப் பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். சிலருக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

தேட வேண்டியது எண்ணைத்தான். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுடைய பழைய பிறப்புச் சான்றிலும், இந்தியத் தொழிலாளர் விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்த திருமணத்திலும் தாய் தகப்பனின் எண் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பட்டியலில் நேராக அந்த வரிக்கே போய்விடலாம். எங்கள் வீட்டில் அந்தத் தாள்கள் இல்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி 1960களில் டர்பனுக்குள்ளேயே கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குக் குடும்பத்தை விரட்டியபோது போனவை போனவைதான். இங்கே பல வீடுகளில் இதே கதை. காகிதம் இல்லை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது எப்படி இல்லாமல் போனது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்களுக்கு வழி திறந்தது வம்சாவளிப் பதிவுகள் உள்ள ஃபேமிலிசர்ச் இணையதளத்தில். இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். நேட்டால் மாகாணத்தின் பழைய இறப்புப் பதிவுகளின் படங்கள் அதில் நிறைய இருக்கின்றன. தேடல் பெட்டியை நம்பாமல், ஆண்டு வாரியாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இந்த நாட்டில் சொத்து விவகாரத்துக்காக எழுதும் மரண அறிவிப்பில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்பார்கள். என் மாமனாரின் பாட்டனுடைய அறிவிப்பு கிடைத்த பிறகு, தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பட்டியலில் வடிகட்டினேன். ஒரே ஒரு குடும்பம் நின்றது: அடுத்தடுத்த எண்களில் கணவன், மனைவி, கைக்குழந்தை. வட ஆற்காடு ஜில்லா, ஆரணிப் பக்கம். என் பிறந்த வீட்டுக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை!

அந்த வரிகளை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மனைவியின் அடையாளமாக இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. "சின்ன வயசுல விழுந்திருப்பாங்க, பாவம்" என்றார். இத்தனை காலம் பெயர்கூடத் தெரியாமல் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி வீட்டில் பேசிய முதல் பேச்சு அதுதான். இந்தப் பட்டியலில் பெண்களின் வரிகளை நான் தனியாகவே வாசிக்கிறேன். யாரோடும் சேராமல் தனி எண்ணில் வந்த பெண்கள் நிறைய. ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஊரை விட்டுப் புறப்பட ஒரு காரணம் இருந்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊர்ப் பெயர்களைப் படிக்கத் தமிழ்க் காது வேண்டும். வாண்டிவாஷ் வந்தவாசி, சிங்கிள்புட் செங்கல்பட்டு என்பதெல்லாம் நமக்கு உடனே பிடிபடும். தமிழ் மறந்த நான்காம் தலைமுறைக்குப் பிடிபடாது. ஜில்லாவைப் பார்த்தும் அவசரப்படக் கூடாது. அன்றைய வட ஆற்காட்டில் சித்தூர், திருப்பதி எல்லாம் அடக்கம். சித்தூர் 1911இல் தனி மாவட்டமானது, திருவண்ணாமலை 1989இல் பிரிந்தது, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் வந்தவை. அதனால் ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள்.

மரபணுப் பரிசோதனையும் செய்து பார்த்தோம். தென்னிந்தியா என்று வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயம் அது. உறவுப் பொருத்தம் என்று ஃபிஜியிலும் மொரீஷியஸிலும் ஆட்களைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்த சமூகங்களில் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு மாதிரித் தெரியும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியக் கிராமத்தில் இருக்கும் பங்காளிகள் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கப் போவதும் இல்லை. ஊரைக் கண்டுபிடிக்க இதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஆரணிப் பக்கத்து அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தோம். தாலுகா அலுவலகப் பதிவுகளில் நிலம் உள்ளவர் பெயர்தான் இருக்கும்; கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே கிடையாது. அங்கே உதவியது குலதெய்வக் கோயில். பொங்கல் வைக்க எந்தெந்த வீட்டார் வருகிறார்கள், யார் யாருக்குப் பங்காளி என்று பூசாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பெரியவர் ஒருவர், "எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் நட்டாலுக்குப் போனாருன்னு சொல்லுவாங்க, அவரு வாரிசாத்தான் இருக்கணும் நீங்க" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் பெயரும் ஒத்துப்போகிறது. ஆனாலும் வம்சாவளியில் அவர்களை இன்னும் நான் சேர்க்கவில்லை. தகப்பன் பெயர் ஒன்று மட்டும் போதாது. கூடப் பிறந்தவர் பெயரோ வேறொரு தடயமோ பொருந்த வேண்டும். அதுவரை சொந்தம் என்று பழகுவதற்கு என்ன தடை? கல்யாணப் பத்திரிகை இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பட்டியலில் வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். சொந்தச் செலவில் வந்தவர்கள் இதில் இருக்க மாட்டார்கள். நேட்டாலிலேயே பிறந்த பிள்ளைகளும் இல்லை. குறிப்புப் பகுதியில் இந்தியா திரும்பிய கப்பலும் வருடமும் சிலருக்கு எழுதியிருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். 1895 சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தும் மறு ஒப்பந்தம் செய்யாமல் இங்கேயே தங்கியவர்கள் வருடத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. 1914இல்தான் அது நீங்கியது. இடையில் திரும்பிப் போனவர்களின் வாரிசுகள் தமிழ்நாட்டில்தானே இருக்க வேண்டும்?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நட்டாலுக்கு, அதாவது நேட்டாலுக்கு, போனவர் என்று யாரையாவது சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்திலிருந்தே தேடலாம். தாலுகாவின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கிராமத்தின் பெயரையும் போட்டு வடிகட்டுங்கள். தகப்பன் பெயர் பொருந்துகிற வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து டர்பனில் இருக்கும் வாரிசைத் தேட முடியும்.