குமுளி மலை ஏறும் பழைய வேனும் ரேடியேட்டரில் காற்று எடுக்கும் வேலையும்

கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே, சில நாள் அதற்கும் மேலே ஏலத்தோட்டங்கள் வரை, சரக்கும் ஆளுமாக ஓடும் வண்டி என்னுடையது. முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின், முகப்பில் ரேடியேட்டர், 796 சிசி, மூன்று சிலிண்டர். பெயர் சொல்லாமலே தெரிந்திருக்கும்; 2019இல் தயாரிப்பு நின்றுபோன அந்தச் சின்ன பெட்ரோல் வேன், மாருதி ஆம்னிதான். இதில் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) மாற்றி, உள்ளே தேங்கிய காற்றை எடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாக நானே செய்துவருகிறேன். காற்றை வெளியேற்றுவது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். வெளியேறிய காற்று எந்த வழியாகத் திரும்ப நுழைகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பொழுதும் பணமும் போகின்றன.

கூலன்ட்டுக்குள் காற்று தேங்கும் இந்தக் கோளாறு சமவெளியில் தலைகாட்டாது. தேனிச் சாலையில் எவ்வளவு விரட்டினாலும் வெப்பமானியின் முள் பாதிக்குக் கீழேயே நிற்கும். லோயர் கேம்ப் தாண்டி வளைவுகள் தொடங்கியதும்தான் குணம் தெரியும். இரண்டாம் கியரில் சுமையோடு ஏறும்போது முள் திடீரென்று மேலே போகும். அடுத்த வளைவில் ஒன்றும் நடக்காததுபோல் இறங்கும். சபரிமலை சீசனில் வண்டிகள் ஊர்ந்து நகரும் நாளில் இது அடிக்கடி நடக்கும். உண்மையான சூடு இப்படித் துள்ளாது, மெல்ல ஏறி அங்கேயே நிற்கும். முள் துள்ளினால், சென்சாரைச் சில நேரம் தண்ணீரும் சில நேரம் காற்றும் தொடுகின்றன என்று சந்தேகிக்கலாம். இன்னொரு அடையாளமும் உண்டு: எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் மட்டும் பச்சைத்தண்ணீர்போல் குளிர்ந்து கிடக்கும். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைச் சுற்றிக் காற்று தேங்கினால் சூடான தண்ணீர் அதைச் சரியாகத் தொடுவதில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் அது மூடியே கிடக்கும்.

தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்குக் குழாய் பதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் ஏர் வால்வு வைக்காவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. வண்டியிலும் அதே கதை. காற்று உயரமான இடத்தைத் தேடிப்போய் உட்காரும். ஆகவே தண்ணீர் ஊற்றும் வாயையே உயரமான இடமாக்கிவிட வேண்டும்.

இதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் சரிவுக்கா பஞ்சம்? வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிடுவேன். எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வரும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் விழுந்து, கொதித்து முகத்தில் பாயும். மூடியைத் திறந்தபின் கூலன்ட்டை நூல்போல ஊற்ற வேண்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் எஞ்சினை ஓடவிடுவேன். முதலில் மட்டம் சற்று உயரும். பழைய பெட்ரோல் வண்டிகளில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும். திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், ஒரு பெரிய ஏப்பத்தோடு மட்டம் கீழே போகும். அந்த ஏப்பத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தது. பிறகு ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை விடவேண்டும். அது எப்போது ஓடத்தொடங்கும் என்று சொல்ல முடியாது, விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இந்த வேலைக்கென்று மூடியின் இடத்தில் இறுக்கமாகப் பொருந்தும் உயரப் புனல் ஒன்று வாங்கினேன். வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ரேடியேட்டர் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூலன்ட் நிற்பதால் காற்று வெளியேறும் இடமெல்லாம் உடனே திரவம் நிரம்புகிறது. பொங்கினாலும் தரையில் சிந்துவதில்லை. சிந்தாமல் இருப்பது முக்கியம். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், நக்கினால் பிழைப்பது கடினம். குறை என்றால் அதன் ரப்பர் வளையம்தான். சில கோடைகள் கண்டதும் அது விறைத்துப்போய் ஓரத்தில் கசியத் தொடங்கியது. மாற்று வளையம் தனியாகக் கிடைக்கவில்லை. கடையில் கிடைத்த சாதாரண ரப்பர் வளையத்தைப் போட்டுச் சமாளிக்கிறேன். புனல் இல்லையென்றால் வேலை நடக்காதா என்றால், நடக்கும். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தில் துணி சுற்றிச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். சரிவு சரியாக அமைந்தால் அதுவே போதும்.

காற்று திரும்ப வரும் வழிக்கு வருகிறேன். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் மூடியில் உள்ள சின்ன வால்வு திறந்து, பொங்கி வழிவதைப் பிடித்துவைக்கும் பக்கத்து டப்பாவில் இருக்கும் கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்சும். டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், கூலன்ட்டுக்குப் பதில் காற்று உறிஞ்சப்படும். பகலில் ஒரு சொட்டுக்கூடக் கசியாது, ஒவ்வொரு இரவும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். டப்பாவில் மட்டம் குறையவே இல்லை, ரேடியேட்டரில் மட்டும் குறைகிறது என்றால் முதலில் அந்த ஹோஸையும் மூடியின் ரப்பரையும் பாருங்கள். இரண்டும் மலிவான சாமான்கள். என் வண்டியில் அவற்றை மாற்றிய பிறகுதான் முள் துள்ளுவது நின்றது.

மூடி பிடித்துவைக்கும் அழுத்த அளவு அதன்மேல் 0.9 என்று அச்சிட்டிருந்தால் அதே எண்ணுள்ள மூடியைத்தான் வாங்க வேண்டும். குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை மேலே தள்ளுகிறது.

மலைப்பக்கத்துப் பட்டறைகளில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் அண்ணே, தொல்லையே இருக்காது” என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாத எஞ்சின் குளிர்காலக் காலையில் சூடாகவே நேரம் எடுக்கும், பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். புதிதாகப் போடும்போது அதிலுள்ள சிறு காற்றுத் துளை மேலே வரும்படி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் மெக்கானிக் இதைச் சொன்னதும் சிரித்தார், ஆனால் அப்படியே வைத்தார்.

கூலன்ட் விஷயத்தில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இங்கே தண்ணீர் உறையப்போவதில்லை. 30 பங்கு கூலன்ட், 70 பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) எனக்குப் போதுமாக இருக்கிறது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும்.

ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நின்ற பிறகும் புனலில் குமிழி ஓயவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறது என்றால் அது தேங்கிய காற்று இல்லை. எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்றே எண்ண வேண்டும். எஞ்சின் ஆயில் பால்விட்ட காப்பி நிறத்தில் இருக்கிறதா, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு, மலை ஏறாமல் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போங்கள்.