தெருவை அழகாக்க யார் பணம்: வார்டு நிதியா, நமக்கு நாமே திட்டமா?

குப்பை மேடாகிப் போன தெருமுனையைச் சுத்தம் செய்து சிறு பூங்கா வைக்க, சென்னையில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி. 2022-23இல் ஒரு வார்டுக்கு 35 லட்சம் ரூபாய். மொத்தம் 200 வார்டுகள். நம் கையிலிருந்து ஒரு பைசா தர வேண்டாம். ஆனால் தெருவிளக்கு, நடைபாதை என்று எல்லாமே இதே பணத்துக்குத்தான் வரிசையில் நிற்கும். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டத்தில் விடாமல் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நமக்கு நாமே திட்டம். 1997இல் தொடங்கி 2021இல் மீண்டும் உயிர்பெற்றது. வேலையின் செலவு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 3 லட்ச ரூபாய் வேலைக்கு மக்கள் பங்கு 1 லட்சம். ஐம்பது வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு 2,000. சொந்தக் காசு போட்டவர்கள் செடி வாடினால் ஓடி வருவார்கள். அதனால் பூங்காவுக்கு இதையே நான் சொல்வேன்.

கூலி வேலை செய்பவர்கள் வாழும் குடிசைப் பகுதியில் மட்டும் அந்த 2,000 ரூபாயைக் கேட்கவே கூடாது. அங்கே வார்டு நிதிதான் முதலில் போக வேண்டும்.