சிங்க வேட்டை: வயதைப் பார்ப்பதா, நாள் கணக்கைப் பார்ப்பதா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் புலிப் பேச்சு வந்தால், "ஆப்பிரிக்காவில் காசு கட்டிச் சிங்கத்தையே சுடலாமாமே, இங்கே ஏன் கூடாது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நம் மலேசியப் புலிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. காட்டில் 150க்கும் குறைவாகத்தான் இருக்கிறது. சரி, சிங்கத்துக்கு வருவோம். அங்கே எதை, எத்தனையைச் சுடலாம் என்று தீர்மானிக்க மூன்று வழிகள்.

ஆண்டுக்கு இத்தனைதான் சுடலாம் என்று அதிகாரிகள் உத்தேசமாக ஒரு கோட்டா போடுவது பழைய வழி. தான்சானியாவில் 1996 முதல் 2008க்குள் ஆண்டுக்குச் சுடப்பட்ட சிங்கங்கள் பாதியாகக் குறைந்தன. முதலில் அதிகம் சுட்ட பகுதிகளில்தான் சரிவும் அதிகம், அதாவது அங்கே சுடச் சிங்கமே குறைந்துவிட்டது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது வயது விதி. ஐந்தாறு வயதுக்குக் குறைந்த ஆண் சிங்கத்தைத் தொடக்கூடாது. இளம் ஆணைச் சுட்டால், அதன் இடத்துக்குப் புதிதாக வரும் ஆண் செத்ததன் குட்டிகளைக் கொன்றுவிடும். வயதான ஆணின் குட்டிகள் அதற்குள் வளர்ந்திருக்கும். வயதுக்கு அடையாளம் மூக்கு. தான்சானியாவின் செரெங்கெட்டி சிங்கங்களுக்கு ஐந்து வயதில் பாதி மூக்கு கருத்துவிடும் என்று 2004இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேட்க அழகான விதிதான். ஆனால் அந்தி மங்கலில், வேட்டைக்காரர்கள் வைத்த இரைக்கு வந்து நிற்கும் மிருகத்தின் மூக்கை எவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது? அதுவும் பெரும் பணம் கட்டியவர் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும்போது!

மூன்றாவது, பழைய பதிவேடு. ஒரு சிங்கத்துக்கு எத்தனை நாள் அலைந்தார்கள் என்று பார்த்து, நாள் கூடினால் கோட்டாவைக் குறைப்பது. எஸ்டேட்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொத்தச் செம்பனைக் குலையை மட்டும் பார்த்தால், கணக்கு எழுதும் கிராணி ஏமாந்துபோவார். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை வெட்டினார் என்பதில்தான் தோட்டத்தின் நிலைமை தெரியும். யாரும் காட்டுக்குள் போய்ச் சிங்கங்களை எண்ண வேண்டியதில்லை என்பது பெரிய வசதி.

இதிலும் ஓட்டை உண்டு. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 24 வேட்டைக்குப் பலியாயின. எல்லையில் ஒரு ஆண் விழுந்தால் அந்த இடத்துக்குப் பூங்காவிலிருந்து இன்னொன்று வரும். வெளியே நாள் கணக்கு நன்றாகவே இருக்கும், காலியாவது பூங்கா.

இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் நாள் கணக்கையே எடுப்பேன். மூக்கைப் பார்த்து விரலை நிறுத்துவதை வேட்டைக்காரரின் நேர்மைக்கு விட வேண்டியிருக்கிறது; நாளை எழுத வைப்பது சுலபம். ஒரே நிபந்தனை: வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் ஏட்டில் ஏற வேண்டும், இரை வைத்தார்களா இல்லையா என்பதும்தான்.