ஒரே போன், நாலு பாடம்: எதைத் திறப்பது?

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் பதினோரு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பாதி வீடுகளில் ஒரே போன்தான். காசிமேட்டிலிருந்து அப்பா திரும்பினால்தான் அது பிள்ளை கைக்கு வரும், அதுவும் அரை மணி நேரம்.

2018-ல் புதிய பாடத்திட்டத்தோடு நம் பாடநூல்களுக்குள் கியூஆர் கோடும் வந்தது. ஸ்கேன் செய்தால் அரசு நடத்தும் திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ, தமிழிலேயே. லீவு போட்ட நாளின் பாடத்தைப் பிடிக்க இது நல்ல வழி. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி போன் இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும். ஆனால் டிவியில் நிறுத்தி மறுபடி கேட்க முடியாது.

அறிவியலுக்கு மட்டும் நான் வீடியோவை நம்புவதில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மின்சுற்று வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு வந்தான். "தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால்?" என்றேன். "மத்தது எரியும் மிஸ்" என்றான். சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட் தளத்தைத் திறந்து கொடுத்தேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, முழுக்க இலவசம். பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் விரலால் இழுத்து மாட்டலாம். அவனே ஒரு பல்பைக் கழற்றினான், எல்லாம் அணைந்தன. அப்புறம், ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை எரியும் பக்க இணைப்பும் கட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம வீட்டு லைட்டெல்லாம் இப்படித்தானா?" என்றான். அந்தக் கேள்வி வீடியோ பார்த்து வரவில்லை. லேப்டாப்பில் ஒருமுறை இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் ஓடுகிறது.

கணக்குக்கு, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா. பாடநூலில் அதற்கு வழிகாட்டும் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கத்தைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள். முக்கோணத்தின் முனையை எங்கே இழுத்தாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைப் பிள்ளை தானே பார்க்கட்டும்.

சமூக அறிவியலுக்கு கூகுள் எர்த். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தின் பழைய படங்களை வரிசையாகக் காட்டினேன். தாத்தா மீன்பிடித்த இடத்தை ஒரு பெண் தேட ஆரம்பித்துவிட்டாள். டேட்டா நிறைய தின்னும், அதனால் என் லேப்டாப்பில் மட்டும்.

தமிழுக்கு எந்த ஆப்பும் வேண்டாம், போனிலுள்ள ரெக்கார்டர் போதும். செய்யுளை வாசித்துப் பதிவு செய்து போட்டுக் கேட்கச் சொல்கிறேன். 'பழம்' என்பதைப் 'பயம்' என்று சொல்லிவந்த பிள்ளை, தன் குரலைக் கேட்டுவிட்டுத் தானாகவே இன்னொரு முறை வாசித்தது.